வாலின் 6 யாரைத் தொடுகிறது?

புரதக் கட்டமைப்புகளைப் படிக்க வரும் மாணவர்கள் ஆரம்பத்தில் எழுதும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இதுதான். புரதத் தரவு வங்கியிலிருந்து ஒரு கோப்பை இறக்குவது, புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றிலும் ஆல்ஃபா கார்பனை, அதாவது நடுவிலுள்ள கார்பன் அணுவை, மட்டும் எடுத்துக்கொள்வது, எல்லா ஜோடிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கிடுவது, 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் 'தொடுகை' என்று குறித்துக்கொள்வது. பைத்தானில் சில வரிகள் போதும். ஹீமோகுளோபினை எடுத்தால் நான்கு சங்கிலிகளில் மொத்தம் 574 அமினோ அமிலங்கள், அவற்றில் 1,64,451 ஜோடிகள். சாதாரண மடிக்கணினியே சட்டென்று முடித்துவிடும்.

பட்டியல் கைக்கு வந்ததும் எண்ணத் தொடங்குகிறோம். இந்த அமினோ அமிலத்துக்கு ஒன்பது தொடுகைகள், அதற்கு மூன்று, ஆகவே முதலாவது முக்கியமானது என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. எந்தக் கேள்விக்காக அளக்கிறோம், அந்த மூலக்கூறு அப்போது எந்த வடிவத்தில் இருக்கிறது, அதன் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் எடுத்த எண்ணிக்கையை நம்பி எதையும் சொல்ல முடியாது. அதை விளக்கத்தான் இந்த நீண்ட பதிவு. தலைப்பிலுள்ள வாலின் 6, அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 6-ஆவது இடத்தில் வரும் அமினோ அமிலம்; அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அந்த 8 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான சாதாரண ஒற்றைப் பிணைப்பு 1.54 ஆங்ஸ்ட்ராம். சங்கிலியில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஆல்ஃபா கார்பன்களின் இடைவெளி ஏறக்குறைய எப்போதும் 3.8. சங்கிலி சுருண்டு அமையும் ஆல்ஃபா சுருளில் நான்கு இடம் தள்ளியிருப்பது 6 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேல். சங்கிலியின் இழைகள் அருகருகே படியும் பீட்டா தகட்டில் பக்கத்து இழையில் இருப்பது 5 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி. ஆக, 8 என்று வைத்தால் ஓர் அமினோ அமிலத்தின் உடனடி அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். வசதியான எண் என்பதைத் தாண்டி அதற்குப் புனிதம் ஏதும் கிடையாது.

வசதிக்கு ஒரு விலையும் உண்டு. ஆல்ஃபா கார்பன் இருப்பது முதுகெலும்பில், அதாவது சங்கிலியின் மையத் தொடரில். தொடும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அதிலிருந்து கிளைத்து நிற்கும் பக்கச் சங்கிலி. இரண்டு பக்கச் சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் ஆல்ஃபா கார்பன்கள் 7 ஆங்ஸ்ட்ராமில் இருக்கலாம், நம் ஸ்கிரிப்ட் அதைத் தொடுகை என்றே எழுதும். ஆர்ஜினினும் குளுட்டாமிக் அமிலமும் நீண்ட கைகள் கொண்டவை. அவற்றின் ஆல்ஃபா கார்பன்கள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் நின்றாலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட நுனிகள் உப்புப் பாலமாகக் கோத்துக்கொள்ளும். அதை நம் ஸ்கிரிப்ட் விட்டுவிடும். இதனால்தான் கட்டமைப்புக் கணிப்புப் போட்டியான காஸ்பில், பக்கச் சங்கிலியின் முதல் கார்பனான பீட்டா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம் என்று வரையறுத்தார்கள்; பீட்டா கார்பன் இல்லாத கிளைசினுக்கு மட்டும் ஆல்ஃபா கார்பன். இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமானால் ஹைட்ரஜன் தவிர்த்த எந்த இரு அணுக்களும் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகின்றனவா என்று பார்க்கலாம். ஹைட்ரஜன் பிணைப்புக்கு நைட்ரஜன், ஆக்சிஜன் இடையே 3.5, உப்புப் பாலத்துக்கு 4, டைசல்ஃபைடு பிணைப்பில் இரண்டு கந்தக அணுக்களின் இடைவெளி 2.05. ஒரே புரதத்தில் இந்த வரையறைகள் தரும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று கணிசமாக மாறுபடும். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை, அவ்வளவுதான்.

தொடுகை என்றதும் தாங்கிப் பிடிக்கும் தொடுகைகளையே நினைக்கிறோம். வரக்கூடாத தொடுகைகள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்த வரலாறு சென்னையில் நடந்தது என்பதில் எனக்கு மறைக்க முடியாத பெருமை.

ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தபோது அவருக்கு வயது 30. தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பை அவரும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தார்கள். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதி, மறு ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். சென்னை மாதிரியின் மேல் அவர்கள் வைத்த முக்கியமான குறை, சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது.

சரி, அளவு என்றால் என்ன அளவு? பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று யார் சொல்வது? ராமச்சந்திரன் அந்தக் குறையை இப்படி ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டார். அதுவரை வெளியாகியிருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் தேடியெடுத்து, பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று அவரது குழு தொகுத்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வரம்புகள் வைத்தார்கள்: வழக்கமாக அனுமதிக்கத்தக்க தூரம் ஒன்று, அதற்கும் சற்றுக் கீழே கடைசி எல்லை ஒன்று. இரண்டு கார்பன்களுக்கு 3.0, கடைசி எல்லை 2.9. இரண்டு ஆக்சிஜன்களுக்கு 2.7, கடைசி எல்லை 2.6. இரண்டு ஹைட்ரஜன்களுக்கு 2.0, கடைசி எல்லை 1.9. இந்தச் சின்ன அட்டவணையை வைத்துக்கொண்டு, ஒரு பெப்டைடு (அமினோ அமில) சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களையும் எல்லா மதிப்புகளுக்கும் திருப்பிப் பார்த்து, எங்கே அணுக்கள் மோதிக்கொள்கின்றன, எங்கே மோதவில்லை என்று படம் வரைந்தார்கள். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட அந்தப் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்கே ஒரு புரத அமைப்பைத் தீர்த்தாலும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை.

கொலாஜன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதன் சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். மூன்று சங்கிலிகள் கூடும் நடு அச்சில் வேறு எந்தப் பக்கச் சங்கிலிக்கும் இடமில்லை. கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி என்று இருப்பதே ஒரு ஹைட்ரஜன்தான். அங்கே கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால் அணுக்கள் மோதும், முறுக்கு கெடும். பிறவியிலேயே எலும்புகள் எளிதில் நொறுங்கும் நோயின் பல வகைகளுக்குக் காரணம் இத்தகைய ஒற்றை மாற்றங்கள்.

இனித் தாங்கும் தொடுகைகளுக்கு வருவோம். இவற்றில் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. ஒரு புடவையை மடித்து வைத்தால் முந்தானையும் உள்முனையும் ஒன்றன்மேல் ஒன்று படியும். நீளவாக்கில் அவற்றுக்கிடையே ஐந்தரை மீட்டர். புரதச் சங்கிலியிலும் வரிசையில் வெகுதூரம் தள்ளியிருக்கும் இரண்டு அமினோ அமிலங்கள் மடிந்தபின் ஒட்டி நிற்கும். சங்கிலி எப்படி மடிந்தது என்பதைப் பற்றி அந்தத் தொடுகைகளே அதிகம் சொல்கின்றன. அடுத்தடுத்த இரண்டு எப்படியும் 3.8 ஆங்ஸ்ட்ராமில்தான் இருக்கும் என்பதால் அவற்றின் தொடுகையிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அதனால்தான் வரிசை இடைவெளி மூன்று நான்குக்குக் கீழே இருப்பவற்றை முதலிலேயே கழித்துவிடுகிறோம்.

1998-இல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் மூவரும் ஓர் எளிய அளவை முன்வைத்தார்கள். தொட்டுக்கொள்ளும் ஜோடிகளுக்கு இடையே வரிசையில் சராசரியாக எத்தனை இடங்கள் என்று பார்த்து, அதைச் சங்கிலியின் நீளத்தால் வகுப்பது. தொடுகை வரிசை எண் என்று சொல்லலாம். சிறு புரதங்கள் எவ்வளவு வேகமாக மடியும் என்பதோடு இந்த ஓர் எண் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போனது. எட்டத்துத் தொடுகைகள் அதிகமுள்ள புரதம் மெதுவாக மடியும். அதையடுத்து 2001-இல் மைக்கேல் கிரோமிகாவும் செல்வராஜும் நீண்டதூர ஒழுங்கு என்ற அளவைக் கொண்டுவந்தார்கள்: ஆல்ஃபா கார்பன்கள் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள், ஆனால் வரிசையில் 12 இடங்களுக்கு மேல் தள்ளியிருக்கும் ஜோடிகளை மட்டும் எண்ணி நீளத்தால் வகுப்பது. மடியும் வேகத்தைக் கணிக்க இது இன்னும் நன்றாகவே உதவியது. கிரோமிகா இப்போது சென்னை ஐஐடியில். செல்வராஜ் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பாருங்கள், நான் முதலில் குறை சொன்ன அதே முரட்டுத்தனமான 8 ஆங்ஸ்ட்ராம் ஆல்ஃபா கார்பன் அளவு இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. முதுகெலும்பு எப்படி வளைந்து வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி. பக்கச் சங்கிலியின் நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பெரிதில்லை.

தொடுகைகளைக் கட்டமைப்பே இல்லாமல், உறவுக்காரப் புரதங்களின் வரிசைகளை மட்டும் வைத்துக் கணிக்கும் வழியும் உண்டு. தொட்டுக்கொள்ளும் இரண்டு இடங்களில் ஒன்று மாறினால் மற்றொன்றும் ஈடாக மாறும் என்ற எண்ணம் 1990-களிலேயே பேசப்பட்டது. நேரடித் தொடர்பையும் சுற்றிவளைத்து வரும் தொடர்பையும் பிரித்தறியும் புள்ளியியல் முறை 2009-க்குப் பிறகுதான் கைகூடியது. புரத அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்டுக்குப் போகும் பாதை அந்த வழியாகத்தான் சென்றது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

எனக்கு நெருக்கமான உதாரணம் ஹீமோகுளோபின். அரிவாள் செல் இரத்தசோகையில் பீட்டா சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வருகிறது. லைனஸ் பாலிங்கும் குழுவினரும் 1949-இல் இது மூலக்கூறுமட்ட நோய் என்று காட்டினார்கள். வெர்னான் இங்கிராம் 1956, 57-இல் அது ஒரே ஓர் அமினோ அமில மாற்றம் என்று கண்டுபிடித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கே உரியது என்று பரவலாக எண்ணப்பட்ட இந்தப் பண்பை நீலகிரிப் பழங்குடி மக்களிடம் லேமனும் கட்புஷும் கண்டு 1952-இல் எழுதினார்கள். ராமச்சந்திரன் சென்னைக்கு வந்த அதே ஆண்டு.

இப்போது நம் ஸ்கிரிப்டை எடுங்கள். சாதாரண ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் இல்லாத வடிவக் கோப்பில் பீட்டா 6-ஐ வாலினாக மாற்றி, அது யாரைத் தொடுகிறது என்று பாருங்கள். ஏறத்தாழ ஒன்றும் இருக்காது. அது இருப்பது மூலக்கூறின் மேற்பரப்பில், முதல் சுருளின் தொடக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி. எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் முக்கியமில்லாதவற்றோடு அதுவும் கடைசியில் போய் நிற்கும். அந்த இடத்திலிருந்துதான் இத்தனை வலியும் வருகிறது.

அதன் தொடுகை மூலக்கூறுக்குள் இல்லை, பக்கத்து மூலக்கூறில் இருக்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில், வேறொரு மூலக்கூறின் பீட்டா சங்கிலியில், 85-ஆவது ஃபினைல்அலனினும் 88-ஆவது லூசினும் சேர்ந்து நீர்வெறுக்கும் குழி ஒன்றை அமைக்கின்றன. வாலின் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மின்னேற்றம் கொண்ட குளுட்டாமிக் அமிலம் அந்தக் குழிக்குள் போகாது. அதே 6-ஆவது இடத்தில் லைசின் வந்தால் அது ஹீமோகுளோபின் சி. அதுவும் இப்படி இழையாகத் திரள்வதில்லை. வாலின் உட்கார்ந்ததும் மூலக்கூறுகள் இரட்டைச் சரமாகக் கோத்துக்கொள்கின்றன. ஏழு இரட்டைச் சரங்கள், அதாவது 14 சரங்கள், சேர்ந்து முறுக்கி ஓர் இழை. இழைகள் கூடிச் சிவப்பணுவை அரிவாளாக வளைக்கின்றன.

இந்த இரட்டைச் சரத்தை ஹாரிங்டன், அடாச்சி, ராயர் மூவரும் 1997-இல் 2.05 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் தீர்த்தார்கள். கோப்பின் அடையாளம் 2எச்பிஎஸ். அதில் ஒன்றுக்கு இரண்டு முழு ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், எட்டுச் சங்கிலிகள். மாணவர்கள் இதைத் திறந்தவுடன் நான்கு சங்கிலிகளை 'நகல்' என்று அழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு சீக்கிரம் முடியும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் தேடிவந்த தொடுகை அந்த அழிப்போடு போய்விடுகிறது. எட்டையும் வைத்துக்கொண்டாலும் போதாது. சரத்தின் நீளவாக்கில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களைப் பார்க்க, படிகத்தின் சமச்சீர்மையைக் கொண்டு அண்டை மூலக்கூறுகளையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் படிக நெருக்கத்தால் வரும் தொடுகைகளைச் செயற்கையானவை என்று ஒதுக்கச் சொல்லித்தருகிறோம். இங்கே படிகத்தில் இருக்கும் இரட்டைச் சரம்தான் நோயாளியின் இரத்தத்தில் உள்ள இழைக்கும் அடிப்படை. எதை ஒதுக்குவது என்பதைக் கோப்பு சொல்லாது. அந்தப் புரதம் உடலில் என்ன செய்கிறது என்று படித்திருக்க வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகப் போகலாம். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு பீட்டா சங்கிலிகள், ஆகவே இரண்டு வாலின் 6. இரட்டைச் சரத்தின் பக்கத் தொடுகையில் அவற்றில் ஒன்றுதான் ஈடுபடுகிறது. சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு கரைந்துபோகும். வாலினோடு முடிந்துவிடவும் இல்லை: குழி இருக்கும் சங்கிலியின் 73-ஆவது ஆஸ்பார்டிக் அமிலம், வாலினைக் கொடுக்கும் சங்கிலியின் 4-ஆவது திரியோனினோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. 73-இல் ஆஸ்பரஜின் வந்துவிட்ட ஹீமோகுளோபின் கொர்லெ-பு கலந்திருந்தால் திரள்வது தளர்கிறது. அப்புறம் மூலக்கூறு இருக்கும் நிலை. ஆக்சிஜன் ஏறியதும் ஹீமோகுளோபின் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. வாலின் அங்கேயே இருந்தாலும் இழைக்கேற்ற பொருத்தம் இல்லாமல் போகிறது. அதே அமினோ அமிலம், அதே மூலக்கூறு. நுரையீரலில் அந்தத் தொடுகை கிடையாது, திசுக்களில் உண்டு.

1948-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்கள் பெரியவர்களுடையதைப் போல அரிவாளாக வளைவதில்லை என்று கவனித்தார். சிசுப் பருவத்து ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. அதில் எது தடுக்கிறது என்று தேடியவர்கள், 1979-இல் ரொனால்ட் நேகலும் குழுவினரும், குறிப்பாகச் சுட்டிய இடங்களில் ஒன்று 87. பீட்டாவில் அங்கே திரியோனின், காமாவில் குளுட்டமின். 88-ஆவது லூசினுக்கு ஒட்டிய இடம். குளுட்டமினின் நீண்ட பக்கச் சங்கிலி அந்தக் குழியின் ஓரத்தில் குறுக்கே நிற்க, பக்கத் தொடுகை சரியாக அமைவதில்லை.

குழி எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தபின் அதை அடைக்கும் ஒரு சிறு மூலக்கூறைச் செய்துவிட்டால் என்ன என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரிவாள் செல் நோயாளி ஒருவருக்கு 5 லிட்டர் இரத்தம், லிட்டருக்கு 80 கிராம் ஹீமோகுளோபின் என்று கொண்டால் மொத்தம் 400 கிராம். மூலக்கூறு எடை சுமார் 64,500. ஆக 6 மில்லிமோலுக்குச் சற்று மேல். மருந்தின் மூலக்கூறு எடை 400 என்றால், ஒரு ஹீமோகுளோபினுக்கு ஒரு மருந்து மூலக்கூறு வீதம் இரத்தத்தில் எந்நேரமும் 2.5 கிராம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற நோய்களில் ஒரு நொதியைத் தடுக்க மில்லிகிராம் போதும். இங்கே எதிரில் இருப்பது உடலிலேயே மிக அதிகமாகக் குவிந்திருக்கும் புரதங்களில் ஒன்று.

ஆனால் எல்லாத் தொடுகைகளையும் அறுக்கத் தேவையில்லை என்பது நம்பிக்கை தரும் விஷயம். ஆக்சிஜன் இறங்கியபின் இழை உருவாகத் தொடங்கச் சிறிது தாமதம் ஆகிறது. அந்தத் தாமதம் ஹீமோகுளோபின் எஸ் (வாலின் 6 உள்ள ஹீமோகுளோபின்) செறிவின் முப்பதாவது அடுக்கை ஒட்டி எதிர்விகிதத்தில் மாறும் என்று ஹாஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் 1974-இல் அளந்தார்கள். செறிவு சற்றே குறைந்தாலும் தாமதம் பலமடங்கு நீளும். அதற்குள் சிவப்பணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிடலாம். ஹைட்ராக்சியூரியா மாத்திரை காமா சங்கிலியின் உற்பத்தியைக் கூட்டிச் செய்வது ஏறக்குறைய இதைத்தான். சிவப்பணுவுக்குள் 87-இல் குளுட்டமின் உள்ள சங்கிலிகள் பெருகப் பெருக, வாலினுக்குப் போய் உட்காரக் குழி கிடைப்பது அரிதாகிறது.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஃப்ஜீனியா மரபணு சிகிச்சை அந்த இடத்தையே நேராகக் கையில் எடுத்துக்கொண்டது. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களில் சேர்க்கப்படுவது பீட்டா சங்கிலியின் மரபணு, ஒரே ஒரு மாற்றத்தோடு: 87-இல் திரியோனினுக்குப் பதில் குளுட்டமின். விலை 31 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். நீலகிரியில் ஒரு குடும்பத்துக்கு எட்டக்கூடிய தொகை அல்ல. அங்கே இன்றைக்குக் கைக்கெட்டுவது ஹைட்ராக்சியூரியாதான். அது எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை; காமா சங்கிலி ஒருவருக்கு நன்றாகக் கூடும், இன்னொருவருக்குச் சொற்பமாகவே கூடும். இந்த வேறுபாட்டைப் புரதக் கோப்பில் தேடிப் பயனில்லை. விடை மரபணு ஒழுங்குபடுத்தலில் இருக்கிறது, அதைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.